அஞ்சாவது சக்கரமும் மூணு டிகிரியும்

தலைப்பைப் பார்த்துவிட்டு இது ஏதோ ஸ்டெப்னி சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். அமெரிக்காவில் 'ஃபிஃப்த் வீல்' என்றால் ஒரு வீடு. படுக்கையறை, சமையலறை, ஷவர், சோபா, டி.வி. எல்லாம் அடக்கம். நாம் வீடு மாறினால் சாமான்களை லாரியில் ஏற்றுகிறோம். அவர்கள் வீட்டையே லாரியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஹவுஸ் ஓனர் கீழே நின்று 'மோட்டாரை நிறுத்துங்க' என்று கத்த முடியாது.

பெயர் குதிரை வண்டிக் காலத்தது. நாலு சக்கர கோச்சு வண்டி திரும்ப வேண்டுமானால் முன் அச்சு திரும்பியாக வேண்டும். அதற்காக அச்சின் மேல் ஓர் இரும்பு வளையத்தைப் படுக்கை வசத்தில் பொருத்தினார்கள். ஓடாத சக்கரம், வண்டி திரும்புவதற்கு மட்டும். அதுதான் அஞ்சாவது. பிற்பாடு லாரிக்காரர்கள் அந்தப் பெயரைத் தங்கள் இணைப்புத் தட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் இழுத்துப் போகும் டிரெய்லர் லாரியில், தலை மட்டும் தனியாகக் கழன்று டீ குடிக்கப் போகுமே, அந்த இடத்தில் இருப்பது இதுதான். 1920களின் கடைசியில், விமானம் கட்டிப் பேர் வாங்கிய க்ளென் கர்ட்டிஸ் இதே முறையில் 'ஏரோகார்' என்று ஓர் இழுவை வீடு செய்தார். இன்றைக்கு சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ, இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்துக்கு இந்த வண்டி வீடுகள் அப்படி.

கார் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற சாதாரண டிரெய்லர் வேறு. இதில், பிக்கப் லாரியின் பின்பக்கத் தொட்டிக்குள்ளேயே, பின் அச்சுக்கு நேர் மேலே, இணைப்புத் தட்டு உட்கார்ந்திருக்கும். வீட்டின் மூக்கு அதன் மேல் ஏறி நிற்கும். மூக்கிலிருந்து கீழே தொங்கும் கனத்த இரும்புக் குமிழுக்கு 'கிங்பின்' என்று பெயர். அதைத் தட்டின் தாடை கவ்விக்கொள்ளும். 12,000 பவுண்டு வீடு என்றால் நம் கணக்கில் ஐந்தரை டன்னுக்குக் கொஞ்சம் கீழே. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஒரு டன் சொச்சம், லாரியின் முதுகில்.

இதை ஓட்டுவது கஷ்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஹைவேயில் சாதுவாக வருகிறது. கூத்து எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு. நிறுத்த வேண்டும். அதுவும் சமமாக நிறுத்த வேண்டும்.

எதற்கு இவ்வளவு சமம்? கொஞ்சம் சாய்ந்திருந்தால் என்ன, மாயவரம் பாசஞ்சரில் எத்தனையோ தடவை சாய்ந்தபடி தூங்கியிருக்கிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் ஃப்ரிஜ்ஜில் இருக்கிறது.

நம் வீட்டு ஃப்ரிஜ்ஜில் கம்ப்ரெஸர் உண்டு. திடீரென்று உறுமி நம்மை ராத்திரி எழுப்புவது அதுதான். வண்டி வீடுகளில் ரொம்ப காலமாக இருந்து வருவது வேறு ஜாதி. அதில் மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது, அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அடியில் ஒரு சின்ன காஸ் நெருப்பு எரியும். மேலே ஐஸ் உறையும். அடுப்பு பற்றவைத்து ஐஸ் செய்கிற வித்தை! 1922-ல் ஸ்டாக்ஹோமில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு இன்ஜினீயரிங் மாணவர்கள் கண்டுபிடித்தது. (நம் பையன்கள் அந்த வயதில் கேன்டீனில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.) ஐன்ஸ்டீனே கூட சிலார்ட் என்கிற நண்பரோடு சேர்ந்து, அசையும் பாகம் இல்லாத ஒரு ஃப்ரிஜ்ஜுக்கு 1930-ல் அமெரிக்க பேட்டன்ட் வாங்கினார். அது கடைக்கு வரவில்லை. மாணவர்களுடையது வந்தது. பெரிய ஹோட்டல் அறைகளில் சத்தமே போடாமல் ஒரு குட்டி ஃப்ரிஜ் இருக்குமே, அதில் பலவும் இந்த வம்சம்தான்.

உள்ளே நடப்பது இது. தண்ணீரில் கரைந்த அம்மோனியாவை நெருப்பு கொதிக்க வைத்துப் பிரிக்கிறது. அம்மோனியா ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரவமாகிறது. பிறகு ஹைட்ரஜன் நிரம்பிய பகுதிக்குள் இறங்கி மறுபடி ஆவியாகிறது. ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. கடைசியில் தண்ணீரோடு சேர்ந்து, குழாய் வழியாக வழிந்து, பழையபடி நெருப்புக்கு வந்து சேர்கிறது.

'வழிந்து' என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். பம்ப் இல்லாததால் எல்லாம் பூமியின் ஈர்ப்பை நம்பி நடக்கிறது. குழாய்களுக்கு லேசான சரிவு கொடுத்திருப்பார்கள். நம் கொத்தனார் பாத்ரூம் தரைக்கு 'வாட்டம்' விடுவார் இல்லையா, அந்த மாதிரி. வீடு சாய்ந்தால் வாட்டம் கெட்டுவிடும். திரவம் எங்கேயாவது குட்டையாகத் தேங்கி நிற்கும். நெருப்புக்குத் திரும்பி வராது. நெருப்புக்கு அது தெரியாது; அது பாட்டுக்கு எரியும். காய்ந்த குழாய் பழுக்கும். துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே கலந்த ரசாயனம் கட்டிதட்டி வழியை அடைக்கும். ஒரு தடவை அடைத்தால் அடைத்ததுதான். ஒவ்வொரு சாய்ந்த ராத்திரியும் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும், சிகரெட் மாதிரி. அப்புறம் குளிர்விக்கும் பாகத்தையே மாற்ற வேண்டும், ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். குழாய் விரிசல் விட்டாலோ ஹைட்ரஜன் வெளியே வரும், பக்கத்திலேயே நெருப்பு. மேற்கொண்டு நான் விளக்கத் தேவையில்லை.

பல மாடல்களுக்குக் கம்பெனி சொல்கிற எல்லை: பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. வேடிக்கை என்னவென்றால், மலைப் பாதையில் குலுங்கிக்கொண்டு போகும்போது இந்தக் கவலை கிடையாது. ஆட்டத்தில் திரவம் ஓர் இடத்தில் தேங்காது. சாய்ந்து சும்மா நிற்பதுதான் ஆபத்து.

இப்போது வருகிற வண்டிகளில் பேட்டரியில் ஓடும் கம்ப்ரெஸர் ஃப்ரிஜ் அதிகமாகிவிட்டது. அதற்கு இந்தப் பத்தியம் அவ்வளவாக இல்லை. ஆனாலும் சமம் வேண்டும். ஏனென்றால் ஷவர் தண்ணீர் ஓட்டையைத் தவிர மற்ற எல்லா மூலைக்கும் போகும். டாங்க்கில் பாதி இருந்தால் மீட்டர் கால் என்று காட்டும். அலமாரிக் கதவு தானே திறந்து மண்டையில் தட்டும். சுவரோடு அறையே மேஜை டிராயர் மாதிரி வெளியே நீளும் 'ஸ்லைடு' இழுபட்டு மாட்டிக்கொள்ளும். தலைமாடு தாழ்ந்திருந்தால் ராத்திரி பூரா சிரசாசனம்.

என் பெரியப்பா பையன் பீனிக்ஸில் இருக்கிறார். இருபத்தைந்து வருஷம் கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்தபின், போதும் என்று ஒரு ஃபிஃப்த் வீல் வாங்கினார். ஜனவரியில் என்னையும் ஏற்றிக்கொண்டு குவார்ட்ஸைட் என்ற ஊருக்குப் போனார்கள் அண்ணனும் அண்ணியும். பீனிக்ஸிலிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டர். பாலைவனம். ஊர் ஜனத்தொகை சுமார் 2,400. குளிர்காலத்தில் பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டிய மட்டும் வண்டி வீடுகள். வடக்கே பனி கொட்டுகிற ஊர்களிலிருந்து ரிடையர்டு ஆசாமிகள் பறவைகள் மாதிரி இறங்கிவிடுகிறார்கள். மத்திய அரசு நிலம். பர்மிட் வாங்கிக்கொண்டு செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கிடக்கலாம். கரன்ட் கனெக்‌ஷன் கிடையாது. ஆகவே ஃப்ரிஜ் ஓடுவது காஸில். ஆகவே மேற்படி 3 டிகிரி.

இந்த ஊரில் பிரமிடு மாதிரி ஒரு கல்லறை, அதன் உச்சியில் ஓர் ஒட்டகம் இருக்கிறது. 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்துக்கு உதவும் என்று ஒட்டகங்களைக் கப்பலில் வரவழைத்தது. கூடவே வந்த ஹாஜி அலி என்பவர் பெயர் அமெரிக்க வாயில் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. 1902-ல் இறந்தார். அவர் கல்லறைதான். ஒட்டகம் முதலில் முன்கால்களை மடக்கி மூக்கை இறக்கும், அப்புறம் பின்கால். பலகை, ஜாக்கி எதுவும் கேட்காமல் சரிவிலும் உட்கார்ந்துவிடும். அந்த வசதி எல்கார்ட் தயாரிப்புகளில் இல்லை.

பாலைவனம் பார்வைக்கு கேரம் போர்டு மாதிரி சமமாக இருந்தது. அண்ணன் லாரியை நிறுத்தி, "சூப்பர் இடம்" என்றார். அண்ணி இறங்கி வீட்டின் மூக்குப் பக்கம் போனார். அங்கே ஒரு குட்டி ரசமட்டம் ஒட்டியிருக்கிறது. கொத்தனார் வைத்திருப்பாரே அதேதான், ஆனால் டிகிரிக் கோடுகள் போட்டது. பக்கவாட்டுச் சாய்வுக்கு மூக்கில் ஒன்று, முன்பின் சாய்வுக்கு விலாவில் ஒன்று.

"மூணரை" என்றார் அண்ணி.

"சும்மா சொல்லாதே. தரை பளிங்கு மாதிரி இருக்கு."

"நீங்க தரையைப் பாக்கறீங்க. நான் குமிழியைப் பாக்கறேன்."

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு தாத்தா காபி குடித்துக்கொண்டிருந்தார். புதிதாக வண்டி வந்து நிற்பதைப் பார்ப்பது இந்த ஊரில் சாயங்கால சினிமா. அவர் எழுந்து வந்து, நாங்கள் நிற்பது மழைத் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தின் கரை, இருபது அடி தள்ளிப் போடுங்கள், பலகை செலவு மிச்சம் என்றார். நல்ல இடம் தேடுவதுதான் முதல் வேலை. பலகை அப்புறம். தள்ளிப் போட்டோம். இப்போது ஒன்றரைக்குக் கொஞ்சம் கம்மி. இடது பக்கம் தாழ்வு.

"ஃப்ரிஜ்ஜுக்கு இது போதும்" என்றார் அண்ணன்.

"ஃப்ரிஜ்ஜுக்குப் போதும். தோசைக்கல்லுக்குப் போதாது. எண்ணெய் எல்லாம் ஒரு பக்கம் ஓடும்."

இங்கே கொஞ்சம் கணக்கு. ப்ளஸ் டூவில் ட்ரிக்னாமெட்ரி படித்துவிட்டு 'இது என்றைக்கு உபயோகப்படும்' என்று திட்டியவர்கள் கேட்டுக்கொள்ளவும். இடது டயருக்கும் வலது டயருக்கும் நடுவே சுமார் 84 அங்குலம். ஒரு டிகிரிக்கு டேன்ஜென்ட் மதிப்பு 0.0175. பெருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். அதாவது ஒரு டிகிரி சாய்வுக்குத் தாழ்ந்த பக்கச் சக்கரத்தை ஒன்றரை அங்குலம் தூக்கவேண்டும். 1.4 டிகிரிக்கு இரண்டு அங்குலம்.

பலகை என்று சொல்வதே தவிர, இப்போது வருவது பிளாஸ்டிக் கட்டைகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குல உயரம், குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று மாட்டும். அண்ணியிடம் ஒரு பையில் 10 இருந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம், முன்னும் பின்னுமாக. இரண்டுக்கும் சம உயரம் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் அந்த டயர் மற்றதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். டயர் முழுசாகப் பலகைக்குள் நிற்க வேண்டும், விளிம்பு தொங்கக்கூடாது. கீழே இரண்டு, மேலே ஒன்று, படி மாதிரி. ஆக சக்கரத்துக்கு மூன்று, மொத்தம் 6 போச்சு.

இதெல்லாம் லாரி மாட்டியிருக்கும்போதே செய்ய வேண்டியது. லாரியைக் கழற்றிய பிறகு பக்கவாட்டுச் சாய்வு தெரிந்தால், இழுக்க ஆள் இல்லை, மறுபடி மாட்ட வேண்டும். முன்பின் சாய்வு அப்படி இல்லை. அதற்கு மூக்கின் கீழ் இரண்டு ஜாக்கிக் கால்கள் இருக்கின்றன, அப்புறம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அதனால் வரிசை மாறக்கூடாது.

லாரி ஏற ஆரம்பித்தது. ஓட்டுகிறவருக்குப் பின்சக்கரம் தெரியாது. தெரிகிறவருக்கு ஸ்டியரிங் கிடையாது. அமெரிக்காவில் எத்தனையோ தம்பதிகள் இந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் ஒருவரை ஒருவர் முழுசாகப் புரிந்துகொள்கிறார்களாம். 'வண்டியை நிறுத்தும்போது நான் சொன்னதுக்கெல்லாம் மன்னிச்சுடு' என்று அச்சடித்த பனியன், மிதியடி எல்லாம் கடையில் விற்கிறது. நல்ல விற்பனை என்று தாத்தா சொன்னார். அவர் வாசலிலும் ஒன்று கிடந்தது.

அண்ணியின் சட்டம் ஒன்றுதான்: கண்ணாடியில் நான் தெரியலைன்னா வண்டியை நிறுத்திடுங்க. மற்றபடி நம்ம ஊர் கிளீனர் பாஷை. "வா... வா... வரலாம்... ஏறு... ஏறு... நில்லு!" இங்கிலீஷில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. மறுநாள் பார்த்தால் தாத்தா தன் நாயிடம் 'நில்லு' சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் நின்றது.

குமிழி நடுவில் வந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பாலைவனத்தில் சூரியன் விழுந்தால் குளிர் உடனே வந்துவிடும். அண்ணன் இறங்கி, தொட்டிக் கதவைத் திறந்து படுக்க வைத்தார். (இதை மறந்து லாரியை நகர்த்தியவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கதவு நடுவில் மடிந்திருக்கும். தாத்தாவின் லாரியில் மடிந்திருந்தது.) முன்கால்களை இறக்கி, கீழே மிச்சம் நாலு கட்டைகளை இரண்டிரண்டாகக் கொடுத்து, தாடையைத் திறக்கும் கைப்பிடியைப் பிடிக்கப் போனார்.

"ஏங்க, கட்டை வச்சாச்சா?"

"வச்சுக்கலாம் விடு, இருட்டுது. சமமாத்தானே இருக்கு, எங்க ஓடப் போகுது?"

"வச்சுட்டுத்தான் கழட்டணும்."

"ரெண்டு நிமிஷ வேலை..."

"அப்ப ரெண்டு நிமிஷம் நில்லுங்க. கையை எடுங்க அங்கேருந்து."

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன தொனியில் நான்கூடக் கையை எடுத்தேன்.

இதை விளக்கியாக வேண்டும், இங்கேதான் ஆள் போகிற ஆபத்து இருக்கிறது. இந்த வீட்டுக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. சக்கரத்தில் எலெக்ட்ரிக் பிரேக் உண்டு, ஆனால் அது லாரியிலிருந்து உத்தரவு வந்தால்தான் பிடிக்கும். வண்டி அறுந்து போனால் ஒரு மெல்லிய கம்பிக் கயிறு பிடுங்கப்பட்டு பேட்டரி மூலம் பிரேக் விழும். அது ஆபத்து நேரத்துக்கு, ராத்திரி பூரா நிறுத்தி வைக்க அல்ல. லாரி மாட்டியிருக்கும் வரை லாரியின் பிரேக்தான் ஐந்தரை டன்னையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாடை திறந்த அந்த விநாடியில், உருளைச் சக்கரங்கள் மேல், அதுவும் இரண்டு அங்குல மேடை மேல், அவ்வளவு கனமும் தன்னந்தனியாக நிற்கும். அந்த விநாடியில் கைப்பிடி இழுக்கிறவர் கை எங்கே இருக்கும்? லாரித் தொட்டிக்கும் வீட்டின் மூக்குக்கும் நடுவே.

நாம் 'முட்டுக்கட்டை' என்றால் கெட்ட வார்த்தையாகவே வைத்திருக்கிறோம். அதிகாரி முட்டுக்கட்டை, மாமனார் முட்டுக்கட்டை. தேர் இழுக்கிற ஊர்க்காரர்களைக் கேளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தடியில் கட்டை சொருகுகிற அந்த நாலு பேர் இல்லாவிட்டால் தேர் எந்த வீட்டுத் திண்ணைக்குள் புகும் என்று சொல்ல முடியாது.

அண்ணி பிளாஸ்டிக் ஆப்புகளைச் சக்கரத்தின் முன்னும் பின்னும், இரண்டு பக்கமும், காலால் உதைத்து இறுக்கினார். உயரம் ஏற்றாத வலது பக்கம் நேரே தரையில் நிற்பதால் அங்கே ஆப்பு நன்றாகக் கடித்துக்கொண்டது. டார்ச் அடித்து ஒரு தரம் சுற்றி வந்தார். "இப்ப இழுங்க."

அண்ணன் இழுத்தார். வரவில்லை. இதுவும் வழக்கம்தான். கிங்பின் தாடையை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டிருந்தால் கைப்பிடி நகராது. லாரியை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளினால் அழுத்தம் விடும். அண்ணன் ஏறி, ரிவர்ஸ் போட்டு, லேசாகத் தொட்டார். லாரி பின்னால் தள்ளியது என்றால் வீட்டையும் சேர்த்துத் தள்ளியது என்று அர்த்தம். ஐந்தரை டன் பின்னோக்கிச் சாய்ந்தது. ஆப்புகள் 'கிரீச்' என்று ஒரு சத்தம் போட்டன. பாலைவனத்து அமைதியில் அது ரொம்ப நீளமாகக் கேட்டது. வீடு நின்றது. வலது பக்கம் பின்னால் இருந்த ஆப்பு கால் அங்குலம் மண்ணில் புதைந்திருந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை. தாத்தா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். கைப்பிடி வெண்ணெய் மாதிரி வந்தது. ஒயர், கம்பிக் கயிறு எல்லாம் எடுத்தாகிவிட்டதா என்று பார்த்து, லாரி மெதுவாக வெளியே வந்தது.

மிச்சம் சுலபம். லாரித் தொட்டி உயரமானதால் கழற்றும்போது மூக்கு தூக்கலாகத்தான் நிற்கும். ஜாக்கி ஸ்விட்சை அமுக்கி மூக்கை இறக்க வேண்டும். அச்சிலிருந்து முன்காலுக்கு இருபதடி என்றால் ஒரு டிகிரிக்கு நாலு அங்குலம் சொச்சம் இறங்கும். பக்கவாட்டுக்கு ஒன்றரை அங்குலம் போதும், இதற்கு நாலு. விலா ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்ததும் நிறுத்தினார்கள். பின்னால் இரண்டு கால்கள் உண்டு, அவை வீடு ஆடாமல் இருக்க. 'கொஞ்சம் தூக்கிப் பார்ப்போமே' என்று அவற்றை வைத்துத் தூக்கினால் சட்டம் வளையும். தரையைத் தொட்டு லேசாக அழுத்தினால் போதும்.

தாத்தா வீட்டுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. ஆறு ஹைட்ராலிக் கால்கள், ஒரு பட்டன். அமுக்கிவிட்டுக் காபி போடப் போய்விடுவார். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவரே ஒன்று சொன்னார். ரொம்பச் சரிவான இடத்தில் அந்த யந்திரம் கடமை உணர்ச்சி மிகுந்து சக்கரத்தையே அந்தரத்தில் தூக்கிவிடும். தூக்கிய சக்கரத்துக்கு ஆப்பு வைத்து என்ன பிரயோஜனம்? ஐந்தாறு டன் ஒல்லிக் கால்களில் நிற்கும். அதனால் பட்டன்காரரும் பலகை வைத்திருக்கிறார், ஆப்பு வைக்கிறார். பட்டன் வந்த பிறகு மறப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. கால்குலேட்டர் வந்த பிறகு வாய்ப்பாடு போன மாதிரி.

உள்ளே போய் ஃப்ரிஜ் பட்டனை காஸுக்குத் திருப்பினார் அண்ணி. 'டிக்... டிக்... டிக்...' அப்புறம் ஒரு சின்ன 'புஸ்'. பற்றிக்கொண்டது. இந்த ஜாதி ஃப்ரிஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஒரு தூக்கு தோசை மாவு, தயிர், முந்தின நாள் சாம்பார் எல்லாம் காத்திருந்தன. அன்றைக்கு ராத்திரி முதல் தோசை வட்டமாக வந்தது. எண்ணெய் நடுவிலேயே நின்றது. அண்ணன் அதை ஒரு விநாடி உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இரண்டாவது தோசைக்குப் பிறகு, "நாளைக்கு அந்த மிதியடி ஒண்ணு வாங்கிடலாம்" என்றார்.

கிளம்புகிறபோது எல்லாம் தலைகீழ். இதில் ஒரு தந்திரம் உண்டு. லாரியைக் கழற்றிய கணத்தில் மூக்கு எந்த உயரத்தில் இருந்தது என்று முன்காலில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் மூக்கை இறக்குவது. நாலு நாள் கழித்து மாட்டப் போகும்போது அந்தக் கோட்டுக்கு ஏற்றினால் சரியாக வரும். அண்ணி கோடும் போட்டு, பால் கணக்கு நோட்டிலும் எழுதியிருந்தார். உயரம் தப்பினால் கிங்பின் தாடைக்குள் இறங்காமல் அதன் மேல் ஏறிக் குந்திக்கொள்ளும். மாட்டின மாதிரியே தெரியும். காலைத் தூக்கி லாரி நகர்ந்ததும் வீட்டின் மூக்கு லாரித் தொட்டி மேல் 'தடால்'. அதனால் டார்ச் அடித்துத் தாடை மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். பிறகு முன்கால் தரையைத் தொட்டபடி இருக்க, ஆப்பும் அப்படியே இருக்க, வீட்டு பிரேக்கை மட்டும் அமுக்கிக்கொண்டு லாரியை லேசாக முன்னுக்கு இழுத்துப் பார்த்தார் அண்ணன். கவ்வியிருந்தது. அப்புறம் முன்கால் மேலே. கடைசியில்தான் ஆப்பு. அதை எடுக்க அண்ணி யாரையும் விடவில்லை.

கட்டைகளை எண்ணிப் பையில் போட்டோம். 9 இருந்தது. பத்தாவது, டயர் அழுத்தி மண்ணோடு மண்ணாக இறங்கியிருந்தது. கையால் வரவில்லை. அண்ணி உள்ளே போய்த் தோசைத் திருப்பியை எடுத்து வந்து நெம்பினார். பட்டென்று வந்தது. திருப்பியைக் கழுவினாரா என்று நான் பார்க்கவில்லை. வழியில் நிறுத்திய இடத்தில் தோசை நன்றாகத்தான் இருந்தது.